ஆக்ஸிலுக்கு மேலேறிய பட்டா

லாரிப் பட்டறைகளில் பட்டா என்று சொல்லப்படும் லீஃப் ஸ்பிரிங்கைப் பழங்காலத்துச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. லண்டனில் குதிரை வண்டி கட்டிய ஒபதையா எலியட் 1804இல் காப்புரிமை பெற்ற ஸ்பிரிங்கும் வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டியதுதான். பட்டா கனமானது. தகடுகள் ஒன்றோடொன்று உரசும், இடுக்கில் துரு சேரும், உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கு இரக்கம் காட்டாது. ஆனாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில், பொறியியல் படிக்காத விவசாயியும் மெக்கானிக்கும் வீட்டு முற்றத்திலேயே தங்கள் ஜீப்பை உயர்த்திக்கொள்ள முடிந்ததற்கு இந்தப் பழைய சரக்குதான் காரணம் என்பது என் வாதம். அந்தக் கைவேலை தொழிற்சாலையிலிருந்து முற்றத்துக்கு வந்ததல்ல, முற்றத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போனது.

ஜீப் உயரமாகப் பிறந்த வண்டி அல்ல. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் கேட்டது, எதிரியின் கண்ணில் படாத தாழ்வான, இலேசான வண்டி. பேன்டம் நிறுவனத்துக்காக கார்ல் ப்ரோப்ஸ்ட் வரைந்த முதல் மாதிரி அதே ஆண்டு செப்டம்பர் 23இல் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 80 அங்குலம். நான்கு மூலையிலும் பட்டா. அந்தப் பட்டா ஆக்ஸிலுக்கு அடியில் கட்டப்பட்டிருந்தது. அதனால் உடம்பு தரையோடு ஒட்டி நின்றது. போர் முடிந்ததும் மிச்ச ஜீப்புகள் சந்தைக்கு வந்தன. பெட்டியில் அடைத்த புது ஜீப் 50 டாலருக்குக் கிடைத்தது என்று இன்றும் சொல்வார்கள். அது கட்டுக்கதை. நிஜத்தில் கிடைத்தவை பெரும்பாலும் அடிபட்டு உழைத்த வண்டிகள். வாங்கியவர்களே அவற்றைப் பிரித்துப் பூட்ட வேண்டியிருந்தது. ஆர்தர் வார்ன் 1948இல் தொடங்கிய நிறுவனம் இந்த மிச்ச ஜீப்புகளின் முன் சக்கரங்களுக்குப் பூட்டித் திறக்கும் ஹப்களைச் செய்துதான் பிழைத்தது. ஜீப்பைத் தன் கையால் மாற்றிக்கொள்ளும் பழக்கம் அப்போதே வேர்விட்டிருந்தது.

1953 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஜார்ஜ்டவுனிலிருந்து ரூபிகான் பாதை வழியாக டாஹோ ஏரி நோக்கி 55 ஜீப்புகள் கூட்டமாகப் போயின. அந்த 50களிலேயே யூட்டா மாநிலத்து மோவாப் பகுதியில் யுரேனியம் தேடியவர்கள் பாறைகளின் மேல் ஜீப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1967இல் அங்கே ஈஸ்டர் ஜீப் சஃபாரி தொடங்கியது. இந்தப் பாதைகளில் இடித்தது ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடு. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். பட்டாவை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கூடு ஓர் அங்குலம்கூட மேலே போகாது, ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்து நிற்கிறது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 28 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குல டயர் மாட்டினால், கூடு அதில் பாதியளவு, அதாவது இரண்டரை அங்குலம் உயரும். அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் வேண்டும். உடம்பை உயர்த்துவது அந்த இடத்துக்காகத்தான். பகட்டுக்காகப் பிறந்த வேலை என்று இதைப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பட்டா ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. சுமையைத் தாங்குகிறது, ஆக்ஸிலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரவிடாமல் பிடித்தும் வைக்கிறது. சுருள் ஸ்பிரிங் தாங்க மட்டுமே செய்யும், ஆக்ஸிலைப் பிடிக்கத் தனியாகக் கம்பிகளும் அவற்றுக்குரிய கோணங்களும் வேண்டும். பட்டா வண்டியில் ஒரு சக்கரத்துப் பக்கத்தில் அவிழ்க்க வேண்டியவை இரண்டு யூ போல்ட், முனைகளில் இரண்டு போல்ட், ஒரு ஷாக் அப்சார்பர், அவ்வளவே. சேசிஸுக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, துருவேறிய யூ போல்ட்டுகளில் முதல் நாளே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கியால் மெல்ல இறக்கினால் பட்டா கைக்கு வந்துவிடும். சென்டர் போல்ட்டைக் கழற்றி ஒரு நீளத் தகட்டை நடுவில் செருகலாம். பழைய லாரியின் பட்டாவில் வெட்டியெடுத்ததுகூட ஆகும். நம் கொல்லர்கள் அரிவாள் அடிக்கத் தேடுகிற அதே எஃகு அது. பட்டாவின் முனையைச் சேசிஸோடு கோக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாட்டலாம். ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி 1 அங்குலம் ஏறும். எல்லாவற்றிலும் துணிச்சலானது, ஆக்ஸிலின் அடியிலிருந்த பட்டாவை அதன் முதுகில் ஏற்றுவது. ஆக்ஸில் குழாயின் மேல்பக்கம் புதிய இருக்கைகளை வெல்டிங் செய்து பட்டாவை அதில் உட்காரவைத்தால், புதுப் பட்டா வாங்காமலே வண்டி சுமார் 5 அங்குலம் உயர்ந்துவிடும். பாறையில் சிக்கிக்கொண்டிருந்த பட்டாவும் அதன் அடித்தட்டும் ஆக்ஸிலுக்கு மேலே போய்விடும். தாழ்வாக நிற்க ராணுவம் கேட்ட ஏற்பாடு இந்த ஒரு மாற்றத்தில் தலைகீழானது.

இதெல்லாம் கடையில் விற்கும் லிஃப்ட் கிட்டின் வரலாறுதானே, நிறுவனங்கள்தானே இதைப் பரப்பின என்று கேட்கலாம். கிட்டுகள் பரப்பின என்பது உண்மை. ஆனால் கிட்டின் பெட்டியைத் திறந்தால் இருப்பவை கூடுதல் தகடு, நீள ஷேக்கிள், ஆக்ஸிலுக்கும் பட்டாவுக்கும் நடுவே வைக்கும் கட்டை, நீள யூ போல்ட். ஒவ்வொன்றும் டிரில்லும் வெல்டிங்கும் வைத்திருந்தவர் முன்பே செய்து பார்க்கக்கூடியது. இதைவிட வலுவான சான்று டொயோட்டா. அமெரிக்காவில் விற்ற அதன் நான்குசக்கர இயக்க பிக்கப் 1985 வரை முன்பக்கம் முழு ஆக்ஸிலும் பட்டாவும் கொண்டிருந்தது. 1986 மாடலில் நிறுவனம் சக்கரங்கள் தனித்தனியே அசையும் நவீன அமைப்புக்கு மாறியது. அப்போது பாறைப் பாதைக்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்த நவீன அமைப்பை அறுத்தெறிந்துவிட்டு, பழைய ஆக்ஸிலையும் பட்டாவையும் தேடிப் பிடித்து அதே இடத்தில் மாட்டினார்கள். எந்த நிறுவனமும் விளம்பரம் செய்து உண்டாக்கிய ஆசை அல்ல அது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: உயர்த்திய வண்டி கவிழும். இதை மழுப்ப நான் தயாராக இல்லை. 1980 டிசம்பரில் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி சிஜே-5 என்ற ஜீப் மாடல் கவிழ்வதைக் காட்டியபோது நாடே அதிர்ந்தது. கம்பெனி உயரத்திலேயே அந்த நிலை என்றால், கூட 5 அங்குலம் ஏற்றினால் என்ன ஆகும்? அடுத்து வந்த ராங்லர் என்ற ஜீப்பை அகலமாகவும் தாழ்வாகவும் செய்தார்கள். ஆபத்து கவிழ்வதோடு முடிவதுமில்லை. ஸ்டியரிங் கம்பி செங்குத்தாகிப் பள்ளத்தில் விழும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். பிரேக் குழாய் இழுபட்டு நிற்கும். குட்டை வண்டியின் பின் ஷாஃப்ட் செங்குத்தாகி ஜாயின்ட் அதிரும். மேலேறிய பட்டா இன்ஜின் முறுக்கில் எஸ் வடிவத்தில் வளையும். முன் ஆக்ஸிலுக்கும் பட்டாவுக்கும் நடுவே கட்டை வைப்பதை அனுபவசாலிகள் கொலைக்குச் சமமாகப் பார்க்கிறார்கள், சரியாகவே. ஆனாலும் இந்தக் கோளாறுகளுக்கான மருந்தும் அதே முற்றங்களில் பிறந்தது: கோணத்தைத் திருத்தும் இரும்பு ஆப்பு, முறுக்கைத் தடுக்கும் கம்பி, நீண்ட பிரேக் குழாய், பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதே என்ற விதி. யாரும் முயலக்கூடிய அளவுக்கு வேலை எளிதாக இருந்ததால்தான் தவறுகளும் நடந்தன, திருத்தங்களும் பெருகின. பல மாநிலங்கள் உயரத்துக்குச் சட்டத்தில் எல்லை போட்டது நியாயம்; நெடுஞ்சாலையில் எதிரே வருபவர் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொண்டவர் அல்லர்.

1996இல் வெளிவந்த ராங்லரில் சுருள் ஸ்பிரிங் வந்தது. சவாரியும் பாறை ஏறும் திறனும் கூடின என்பதில் சந்தேகமே இல்லை. அதன் பிறகு உயர்த்தும் வேலை பெரும்பாலும் கடைக் கிட்டை வாங்கிப் பூட்டுவதாகச் சுருங்கியது. பட்டா மறைந்துவிடவில்லை, பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தில் இன்றும் இருக்கிறது. இந்தியாவில் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியதன் வழி வந்த அதே மரபுதான் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய ஜீப்புகளையும் தாங்குகிறது. மறைந்துகொண்டிருப்பது முற்றத்து வேலையின் தடயம். போர்க்கால ஜீப்புகளைத் தொழிற்சாலையை விட்டு வந்த நிலைக்கே மீட்டெடுக்கும் ஆர்வலர்கள், ஆக்ஸில் மேல் பின்னாளில் வெல்டிங் செய்த இருக்கைகள் இருந்தால் அவற்றைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். ராணுவத்தில் சில ஆண்டுகளே உழைத்த அந்த வண்டிகளில் பல, அதன்பின் ஒரு தலைமுறைக்கும் மேல் மலைகளில் உழைத்தவை. பழைய ஜீப் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், ஆக்ஸிலின் முதுகைத் தடவிப் பாருங்கள். அங்கே கைவேலையாகப் போட்ட வெல்டிங் தழும்பு இருந்தால் அதை அப்படியே விட்டுவையுங்கள்.