ஸஹனில் கணவாய்: கரையோர முஸ்லிம்களின் உணவும் மத்ஹபும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ்வுக்காகக் காயல்பட்டினம் சென்றிருந்தோம். நிக்காஹ் அன்று களறிச் சாப்பாடு. அதில் எவருக்கும் சிக்கல் இல்லை. மறுநாள் பகலில் வீட்டு உணவுக்கு அழைத்தார்கள். நால்வருக்கு ஒரு ஸஹன் என விரிப்பில் வைத்துச் சோற்றைப் பரப்பினார்கள். பொரித்த மீன், மாசிச் சம்பல், ஒரு கிண்ணத்தில் கணவாய்க் கறி. எங்களுடன் வந்திருந்த இளைஞர் ஒருவர் கணவாயைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டு, "இது ஹராம் ஆச்சே" என்று உரக்கச் சொல்லிவிட்டார். விரிப்பு முழுவதும் மௌனமாயிற்று. வீட்டுப் பெரியவர் முகம் சுளிக்கவில்லை. பரிமாறிய பையனைப் பார்த்து, "இவங்க ஹனஃபிங்க தம்பி, அந்தக் கிண்ணத்த எடுத்துட்டு மீன வைங்க" என்றார். ஃபிக்ஹு பாடம் நடத்துபவர்களாகிய நாமும் அங்கே வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தினால்தான் இதை எழுதுகிறோம்.

செய்யாற்றங்கரையில் காவாந்தண்டலத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் மீன் என்றால் பெரும்பாலும் ஏரி மீன்தான்: கெண்டை, கெளுத்தி, விரால். கடல் மீன் ஐஸ் பெட்டியில் வந்து சேரும். 2019 இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது காஞ்சிபுரம் மாவட்டத்திற்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. நாம் ஓதியதும் ஓதிக்கொடுப்பதும் ஹனஃபி ஃபிக்ஹு. தானாகச் செத்து நீரில் மிதக்கும் மீனை உண்ணக் கூடாது, ஏரி வற்றிக் கரையில் ஒதுங்கிச் செத்த மீனை உண்ணலாம் என்ற சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்கள். கோடையில் அதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். கணவாயை அவர்கள் கண்டதில்லை.

கடல் உணவு பற்றிய சட்டப் பேச்சு ஒரு பசியிலிருந்து தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்கள் அபூ உபைதா (ரழி) அவர்களின் தலைமையில் முந்நூறு தோழர்களைச் செங்கடற்கரைக்கு அனுப்பினார்கள். கையிருப்புப் பேரீச்சம்பழம் குறைந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்றாயிற்று. பின்னர் அதுவும் தீர்ந்து, கம்பால் தட்டி உதிர்த்த இலைகளைத் தின்றார்கள். அதனால் அந்தப் படைக்கே 'இலைப் படை' என்று பெயர். அப்போது 'அன்பர்' எனப்படும் மலை போன்ற ஓர் உயிரைக் கடல் கரையில் ஒதுக்கியது. அபூ உபைதா (ரழி) முதலில் "இது செத்தது" என்று தயங்கினார்கள். பின்னர் நிர்ப்பந்த நிலையைக் கருதி உண்ணச் சொன்னார்கள். அதன் விலா எலும்பை நட்டு வைத்தபோது ஒட்டகம் அதன் கீழே நுழைந்து சென்றதாம். மதீனா திரும்பிச் செய்தியைச் சொன்னதும் நபி (ஸல்) அவர்கள் எஞ்சியதைக் கேட்டு வாங்கித் தாமும் உண்டார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது.

இந்தக் கடைசிச் செய்திதான் கவனிக்கத்தக்கது. மதீனாவில் பசி என்ற நிர்ப்பந்தம் இல்லை. ஆகவே கடல் உயிர்கள் பொதுவாகவே ஆகுமானவை என்பதற்கு ஷாஃபிஈ அறிஞர்கள் இதைச் சான்றாகக் கொள்கிறார்கள். மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடலின் வேட்டையை விதிவிலக்கின்றி அனுமதிப்பதையும் எடுத்துக் காட்டுவார்கள். ஹனஃபி அறிஞர்களோ, இதே நிகழ்ச்சியின் வேறு அறிவிப்புகளில் 'ஹூத்', அதாவது மீன், என்றே வந்திருப்பதைச் சுட்டுவார்கள். செத்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியுமே அனுமதிக்கப்பட்டன என்ற ஹதீஸையும், அருவருப்பானவற்றை விலக்கும் குர்ஆன் வசனத்தையும் கொண்டு, நீர்வாழ்வனவற்றில் மீனுக்கு மட்டுமே அனுமதி என்பார்கள். கூஃபாவில் வாழ்ந்த இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) கடலைப் பார்க்காததால்தான் இப்படிச் சொன்னார்கள் என்று சிலர் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. அது பிழை. அவர்கள் தீர்ப்பு ஆதாரத்தின் மீது நின்றது. அவர்கள் மறைந்த ஹிஜ்ரி 150 இல்தான் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) காஸாவில் பிறந்தார்கள்.

இமாம்களின் தீர்ப்புக்குப் புவியியல் காரணமன்று. ஆனால் எந்த மத்ஹப் எந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதில் புவியியலுக்குப் பெரும்பங்கு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் அங்கே வந்ததைச் சொல்கிறார். யமனிலிருந்தும் ஹள்ரமவ்த்திலிருந்தும் வணிகரோடு ஷாஃபிஈ மத்ஹபும் கப்பலேறியது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, மலபார், காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை, சுமத்ரா, ஜாவா என்று இந்துமாக்கடல் ஓரமெங்கும் அது ஒரே இழையாகச் செல்வதைக் காணலாம். இப்னு பதூதா சுமத்ராவில் சந்தித்த சுல்தானும் ஷாஃபிஈதான். மலபாரில் இருந்து 'ஃபத்ஹுல் முயீன்' எழுதிய பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் அவர்களின் முன்னோர் நம் மஅபர் கரையிலிருந்து சென்றவர்களே. உள்நாட்டுக்கோ டில்லி, தக்காணம் வழியாகத் தரைமார்க்கமாக ஹனஃபி மத்ஹப் வந்தது. ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் எங்கள் பகுதியில் அது வேரூன்றியது. காயலின் ஸஹனில் கணவாய் இருப்பதும் எங்கள் வீட்டில் இல்லாதிருப்பதும் இவ்விரு பயணங்களின் தடம்.

இதைக் 'கரையோரத்தார் எல்லாம் உண்பர், உள்நாட்டார் மீன் மட்டும் உண்பர்' என்று சுருக்கிவிடவும் முடியாது. நண்டை எடுத்துக்கொள்வோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில், நிலத்திலும் நீரிலும் வாழ்பவை என்று தவளை, பாம்போடு நண்டையும் சேர்த்து விலக்குகிறார்கள். ஆகவே ஷாஃபிஈகளிலேயே பலர் கணவாயை உண்டு நண்டைத் தவிர்ப்பார்கள். இந்தோனேசிய உலமா சபை 2002 இல் இதை மறுபடி ஆராய்ந்தது. அலையாத்திக் காட்டு நண்டுகள் செவுளால் சுவாசிக்கின்றன, நீரில்தான் இனம் பெருக்குகின்றன, எனவே அவை நீர்வாழ் உயிர்களே என்று கண்டு, ஆகுமானது எனத் தீர்ப்பளித்தது.

இறாலுக்கு ஹனஃபிகளிடையே இதே கதை. அது மீனா, இல்லையா? மீன் என்றால் ஹலால். பூச்சியினம் என்றால் இல்லை. கி.பி. 1405 இல் மறைந்த தமீரீ தம்முடைய விலங்கு நூலில் இறாலை மிகச் சிறிய மீன் என்கிறார். அதைக் கொண்டு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் அனுமதித்தார்கள். வேறு அறிஞர்கள் தவிர்க்கச் சொன்னார்கள். எங்கள் வட்டாரத்துக் கல்யாணங்களில் இறால் பிரியாணியை ரசித்து உண்பவரே கணவாய்க்கு 'ஹராம்' பட்டம் சூட்டுவதைப் பார்க்கும்போது, தம் மத்ஹபிலேயே தம் தட்டுக்கு எதிரான ஃபத்வா உண்டென்று அவர் அறிவாரா என்று எண்ணத் தோன்றும்.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஹனஃபி மாணவர்களோடு கேரளத்து ஷாஃபிஈ மாணவர்களும் தலைமுறைகளாக ஓதி, 'பாகவி' பட்டம் பெற்றுச் சென்றிருக்கிறார்கள். ஒரே விரிப்பில் அமர்ந்து உண்டவர்களுக்கு எது யாருக்கு ஆகும் என்பது தெரியும். கிண்ணத்தைச் சற்று நகர்த்தி வைப்பார்கள், அவ்வளவே. காயல் பெரியவர் செய்ததும் அதுதான். ஊர் திரும்பும் ரயிலில் அந்த இளைஞருக்கு இலைப் படையின் வரலாற்றைச் சொன்னோம். விருந்தளித்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டதாக அவர் பின்னர் தெரிவித்தார்.

அடுத்த ஆண்டு அதே வீட்டில் மீண்டும் உண்ணும் வாய்ப்புக் கிடைத்தது. கணவாயை நாம் தொடவில்லை. எங்கள் மத்ஹபில் இடமில்லை. மாசிச் சம்பலை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கினோம். மாலத்தீவில் அந்த மீனை நான்காக வெட்டி, சற்றே வேகவைத்து, ஓலைக் கூடைகளில் புகையில் தொங்கவிட்டு உலர்த்தி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் ஏற்றியதை இப்னு பதூதா பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். சூரை இனத்து மீன் அது. இரண்டு மத்ஹபிலும் பேச்சுக்கு இடமில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை எங்கள் பக்கம் தள்ளினார்.