பேச்சை அளந்த கதை

இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் உளச்சிகிச்சையைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். வண்டியில் ஏறினால் தொடமாட்டார். வீட்டுக்கு வந்த நாட்களில் காலையிலிருந்தே குடி. வாரந்தோறும் ஒரே ஊரில், ஒரே மருத்துவரிடம் போய் உட்காருவது அவருடைய தொழிலுக்கு ஒத்துவராது. ஆகவே கைப்பேசி வழியாகப் பேசும் ஆலோசகர் ஒருவரை இணையத்தில் தேடிப் பணம் கட்டி ஏற்பாடு செய்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. கல்லீரல், குடும்பம், குழந்தைகளின் எதிர்காலம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, அண்ணன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "டேய், நீ திட்டுறது போதாதுன்னு காசு குடுத்து வேற திட்டு வாங்கணுமா?" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை என்று எனக்குப் பட்டது. திட்டு வாங்கித்தான் திருந்துவார் என்றால் எங்கள் அம்மா திட்டிய திட்டுக்கு அவர் எப்போதோ திருந்தியிருக்க வேண்டும். திட்டாமல் பேசும் முறை ஏதேனும் உண்டா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போது கண்ணில் பட்டதுதான் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்ற பெயர். தமிழில் ஊக்கமூட்டும் நேர்காணல் எனலாம். பெயரைக் கண்டு, மேடையில் நின்று 'உன்னால் முடியும்' என்று முழங்கும் வகை என்று எண்ணிவிடாதீர்கள். ஏறக்குறைய அதற்கு நேர்மாறானது இது. இதன் வரலாறு என்னைக் கவர்ந்ததற்குக் காரணம் உண்டு. இது பெரும்பாலும் ஓர் அளவீட்டின் வரலாறு. இரண்டு பேர் பேசிக்கொள்வதை எப்படி அளப்பது?

இசைத்தட்டில் பதிந்த குரல்

உளச்சிகிச்சை என்பது மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது. உள்ளே என்ன பேசப்பட்டது என்பதை, சிகிச்சை அளித்தவர் பிறகு நினைவிலிருந்து எழுதி வைப்பார். சோதனைக் கூடத்தில் அளவெடுக்காமல் வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து அட்டவணையை நிரப்பும் மாணவனை நாங்கள் சும்மா விடுவோமா? ஆனால் உளவியலில் நீண்ட காலம் அதுதான் வழக்கமாக இருந்தது.

இதை மாற்றியவர்களில் முதன்மையானவர் கார்ல் ரோஜர்ஸ். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, ஆலோசனை அறையில் ஒலிவாங்கி ஒன்றை வைத்து உரையாடலை இசைத்தட்டில் பதிவு செய்தார். அப்போது காந்த நாடா பரவலாகவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரப் பேச்சுக்கு இருபது பக்கங்கள்! ஒரு தட்டு நிறைந்ததும் பேச்சு விட்டுப்போகாமல் இருக்க, பதிவுக் கருவிகள் இரண்டை மாற்றி மாற்றி இயக்கினார்கள்.

பதிந்ததை மாணவர்களோடு உட்கார்ந்து ரோஜர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். எந்த வாக்கியத்தைக் கேட்டதும் வந்தவர் மனம் திறந்தார், எந்த வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டார் என்பதை இப்போது சுட்டிக் காட்ட முடிந்தது. தாம் அறிவுரை கூறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், தம் குரலைத் தாமே கேட்டபோது வெட்கப்பட வேண்டியிருந்தது. 1942இல் வெளியான ரோஜர்ஸின் நூலில், ஒருவரோடு நடந்த எட்டு உரையாடல்கள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அப்படியே அச்சாயின. ஆலோசகர் வழிகாட்ட வேண்டியதில்லை. எதிரிலிருப்பவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டு, அந்தப் புரிதலைத் திருப்பிச் சொன்னாலே அவர் தன் வழியைத் தானே காண்பார் என்பது ரோஜர்ஸின் கொள்கை.

இதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் 1966இல் 'எலிசா' என்ற கணிப்பொறி நிரலை வெளியிட்டார். நீங்கள் தட்டச்சு செய்யும் வாக்கியத்தைப் புரட்டிப் போட்டு உங்களிடமே கேள்வியாகத் திருப்பும். ரோஜர்ஸ் வழி ஆலோசகரைப் போன்ற பாவனை. அதற்கு எதுவும் புரியாது. அது உருவானதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, நாலு வரி பேசியதும் "நீங்கள் சற்று வெளியே போங்கள்" என்று வைசன்பாமிடம் சொல்லிவிட்டார்! அவர் அதிர்ந்துபோனார், 1976இல் இதைப் பற்றி ஒரு நூலில் எச்சரித்தார். இன்று எலிசாவைவிடப் பன்மடங்கு நயமாகப் பேசும் நிரல்கள் வந்துவிட்டன. இணையத்தில் ஆலோசகரைத் தேடும் வாசகர், மறுமுனையில் இருப்பது மனிதர்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டிய காலம் இது.

பெர்கன் நகரத்துக் கேள்விகள்

அமெரிக்காவில் குடிநோய்ச் சிகிச்சை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. குடிப்பவர் உண்மையை மறுக்கிறார். அந்த மறுப்பை உடைக்க முகத்துக்கு நேரே கடுமையாகப் பேச வேண்டும் என்பது பல மையங்களின் நடைமுறை. அந்தச் சூழலில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர், 1980இல் தம் கூட்டாளிகளோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒன்பது ஆலோசகர்கள் குடிப்பவர்களுக்குச் சிகிச்சை அளித்தனர். எதிரிலிருப்பவரைப் புரிந்துகொள்ளும் பண்பு ஒவ்வொருவரிடமும் எவ்வளவு என்று மேற்பார்வையாளர்கள் மதிப்பிட்டனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வெவ்வேறு ஆலோசகர்களிடம் போனவர்களின் குடியில் இருந்த வேறுபாட்டின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்த ஒரு பண்பே விளக்கிவிட்டது. இன்னும் சங்கடமான செய்தி, ஒரு கையேட்டை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் சராசரியாக அதே அளவு முன்னேறியிருந்தார்கள். புரிந்துகொள்ளாத ஆலோசகரிடம் போனவர்களைவிட, கையேட்டோடு வீட்டிலிருந்தவர்களின் நிலை மேலாக இருந்தது. ஒன்பது பேர் என்பது சிறிய எண்தான். ஆயினும் மில்லரை இது விடவில்லை.

1982இல் அவர் விடுப்பில் நார்வே நாட்டின் பெர்கன் நகருக்குப் போனார். அங்கே ஒரு சிகிச்சை மையத்தில் இளம் உளவியலாளர்கள் சிலரோடு அடிக்கடி கூடிப் பேசுவார். அவர்கள் வெறும் சொற்பொழிவோடு விடவில்லை. தங்களிடம் வரும் கடினமான நோயாளிகளைப் போல் நடித்துக் காட்டி, "இவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?" என்றார்கள். அவர் பேசத் தொடங்கியதும் நடுவிலேயே நிறுத்தினார்கள். இந்த இடத்தில் ஏன் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னீர்கள்? அந்தக் கேள்வியை ஏன் கேட்காமல் விட்டீர்கள்? இப்போது உங்கள் மனத்தில் என்ன ஓடுகிறது? பதில் சொல்லத் திணறிய மில்லருக்கு, தாம் அறியாமலேயே சில விதிகளைப் பின்பற்றி வந்தது அப்போதுதான் தெரிந்தது. மாற்றத்துக்கான காரணங்களைத் தாம் சொல்லாமல், எதிரிலிருப்பவர் வாயாலேயே வரவழைத்துக்கொண்டிருந்தார்! நல்ல ஆசிரியர்களை உருவாக்குபவர்கள் நச்சரிக்கும் மாணவர்களே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. என் வகுப்பில் அப்படி இருவர் இருக்கிறார்கள்.

அந்த விதிகளைச் சிலர் கருத்துக்காக எழுதி அனுப்பினார். அதைப் படித்த இதழாசிரியர் ஒருவர் வெளியிடக் கேட்க, 1983இல் கட்டுரையாக வந்தது. 1989இல் ஆஸ்திரேலியாவில், தென்னாப்பிரிக்காவில் பிறந்து வேல்ஸில் பணியாற்றிய ஸ்டீஃபன் ரோல்னிக் அவரைச் சந்தித்தார். பிரிட்டனில் இந்த முறை பரவியிருக்கும் செய்தியே அப்போதுதான் மில்லருக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1991இல் வந்தது.

இதன் உட்பொருளை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். "வாரத்துக்கு ரெண்டு நாள்தான் சார் குடிக்கிறேன். ஆனா பையன் இப்பெல்லாம் பக்கத்துல வந்து உட்கார மாட்டேங்கிறான்" என்கிறார் ஒருவர். "ரெண்டு நாள் குடித்தாலும் கெடுதல்தான்" என்று நீங்கள் சொன்னால், அவர் இரண்டு நாளின் பக்கம் வாதாடத் தொடங்குவார். "பையன் ஒதுங்கிப் போறது உங்களுக்குத் தாங்கல" என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். அடுத்த வாக்கியம் குடியை விடுவதைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு உண்டு. அதை அவரே சொல்லியிருப்பார். குடிப்பவர் மனத்தில் விடவேண்டும், விடவேண்டாம் என்ற இரண்டும் ஒரே சமயத்தில் இருக்கின்றன. நாம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவருக்கு மிஞ்சுவது மற்றொன்று. இதை நியூட்டனின் மூன்றாம் விதியோடு ஒப்பிட ஆசைதான். ஆனால் அந்த விசைகள் இரு வேறு பொருள்கள்மீது செயல்படுபவை. தேர்வில் இதைத் தவறாக எழுதினால் நானே மதிப்பெண் குறைப்பேன்.

இருபது நிமிடம்

நூல் வந்த பிறகும் அளவீடு நிற்கவில்லை. 1993இல் மில்லரும் கூட்டாளிகளும் 42 பேரிடம் செய்த ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதாடினாரோ, அவ்வளவுக்கு அந்த நபர் ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்தார் என்று கண்டார்கள். 1997இல் வெளியான 'பிராஜெக்ட் மேட்ச்' என்ற பேராய்வில் 1,726 பேர் பங்கேற்றனர். இம்முறையை ஒட்டிய நான்கு அமர்வுகள், மற்ற இரு முறைகளின் பன்னிரண்டு அமர்வுகளுக்கு ஏறக்குறைய ஈடான பலன் தந்தன. எல்லோருக்கும், எல்லா இடத்திலும் இப்படிப் பலன் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; ஆலோசகருக்கு ஆலோசகர் வேறுபாடு பெரிது.

அந்த வேறுபாட்டின் வேர் பயிற்சியில் இருக்கிறது. மில்லரும் மவுன்ட் என்பவரும் 2001இல் வெளியிட்ட சிறு ஆய்வு ஒன்று உண்டு. பயிலரங்கு ஒன்றுக்கு வந்தவர்கள், முறையை நன்றாகக் கற்றுக்கொண்டதாக நம்பினார்கள். ஒலிப்பதிவைக் கேட்டால், அவர்களிடம் வந்தவர்களின் பேச்சில் மாற்றமே இல்லை! 2004இல் 140 பேரைக் கொண்டு செய்த ஆய்வு விடையைக் காட்டியது. பயிலரங்குக்குப் பின் அவர்களின் பதிவைக் கேட்டுக் குறை சொல்லித் திருத்த ஒருவர் இருந்தால்தான் கற்றது நிலைக்கிறது.

பதிவைக் கேட்டு மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோலும் உருவாயிற்று. உரையாடலில் ஏதேனும் இருபது நிமிடத்தை எடுத்துக்கொள்வார்கள். ஆலோசகர் எத்தனை கேள்வி கேட்டார், வந்தவர் சொன்னதன் பொருளை எத்தனை முறை பிரதிபலித்தார் என்று எண்ணுவார்கள். ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு என்றால் சுமார். இரண்டு என்றால் நன்று. எண்ணிக்கை மட்டும் போதுமா? எலிசாவும் பிரதிபலித்ததே! ஆகவே, வெறும் எதிரொலிக்கும் சொல்லாததன் பொருளையும் தொட்ட பிரதிபலிப்புக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. பிந்தையது பாதியாவது இருக்க வேண்டும். 78 சுழற்சித் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தொடங்கிய வேலை இது.

திரைக்கு அப்பால்

இனித் தொலைவைப் பற்றிச் சிறிது. முகம் பாராமல் குரலை மட்டும் கேட்டு உதவ முடியும் என்பதை, 1953 நவம்பர் 2ஆம் நாள் லண்டனில் சாட் வாரா தொடங்கிய தொலைபேசிச் சேவை காட்டியது. அதே மரபில் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் 'சினேகா'வை நிறுவினார். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1959இலேயே இருவழித் தொலைக்காட்சி மூலம் மனநலச் சிகிச்சை நடந்தது. சென்னையின் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பேருந்திலேயே கேமராவும் திரையும் கொண்டுபோய், நகரத்து மருத்துவரைக் காட்டியது. 2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. 2022 அக்டோபர் 10இல் 'டெலி மானஸ்' தொடங்கியது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

ஆக, திரை ஒரு தடையன்று. ஆளைத் தேர்வதுதான் கடினம். ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற பெயருக்கு மில்லரும் ரோல்னிக்கும் வணிக உரிமை கோரவில்லை. யாரும் தம் விளம்பரத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம். இதற்கான பன்னாட்டுப் பயிற்சியாளர் வலையமைப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் அது பயிற்றுவோரின் பட்டியல், சிகிச்சை அளிப்போருக்குச் சான்றிதழ் அன்று.

வரலாற்றைப் படித்த துணிவில், இரண்டாம் முறை தேடியபோது பட்டத்தையும் பதிவையும் பார்த்ததோடு நிற்காமல் ஒரு கேள்வியும் கேட்டேன்: "நீங்கள் பேசியதை வேறு யாராவது கேட்டுத் திருத்தியிருக்கிறார்களா?" இருவர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் எட்டு மணி நேரப் பயிலரங்கின் சான்றிதழை அனுப்பினார். நான்காவதாகப் பேசிய அம்மையார் சிரித்துவிட்டு, "மாதம் ஒரு பதிவு, வருபவரின் சம்மதத்தோடு, என் மேற்பார்வையாளரிடம் போகிறது, போன மாதம் கேள்வி அதிகம் என்று திட்டு வாங்கினேன்" என்றார்.

அவர் அண்ணனிடம் முதலில் கேட்டது காலையில் கை நடுங்குகிறதா என்று. நடுங்கும் என்றதும், அரசு மருத்துவமனைக்கு நேரில் போய் வரும்வரை குடியைத் திடீரென நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைத் திரை வழியாகக் கவனிக்க முடியாது. இதை நீங்களும் நினைவில் வையுங்கள்.

இப்போது வியாழன்தோறும் அண்ணன் எங்காவது வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவரோடு பேசுகிறார். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. குடித்த நாட்களுக்குத் தன் டிரிப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போடுவதாக அண்ணி சொன்னார். வீட்டிலிருந்த பத்து நாளில் சென்ற மாதம் நான்கு கோடுகள். அதற்கு முந்தைய மாதம் ஏழு.