பசுமைக் குடிலும் பள்ளிப் பிள்ளைகளும்

புது தில்லி உருவாகிக்கொண்டிருந்த நாளில், 1921-ஆம் ஆண்டில், கோல் மார்க்கெட் என்னும் வட்ட அங்காடி எழுந்தது. அதனைச் சூழ்ந்து அரசாங்க ஊழியர்களின் குடியிருப்புகள் அமைந்தன. எழுதுகோலை நம்பித் தெற்கிலிருந்து வந்த நம்மவர் பலர் அப்பகுதியில் குடியேறினர். பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடலாகாது என்ற கவலையால் 1923-இல் அவர்கள் தொடங்கிய கல்விச் சங்கமே, பின்னர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. அதன் பள்ளிகளுள் ஒன்று அங்காடியை அடுத்த மந்திர் மார்க்கில் இருக்கிறது.

மொழியைக் காத்தோம், மண்ணைக் காத்தோமா? நாற்று, பாத்தி, களை, மடை என்னும் சொற்களை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்றனர். அவை குறிக்கும் பொருள்களைக் கண்டவர் சிலரே. பொருளை இழந்த சொல் நெடுநாள் வாழ்வதில்லை.

கையால் செய்து கற்கும் கல்வி நமக்குப் புதிதன்று. 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடிற்று. ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்க டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவில், யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும், தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் இடம்பெற்றனர். பிறந்த மண்ணை விட்டு வந்த தமிழர் இருவர் நாட்டின் கல்விக்கு வழிகோலினர் என்பது நமக்குப் பெருமையன்றோ!

நூற்பு, தச்சு, உழவு போன்ற ஒரு தொழிலை நடுவில் வைத்து, கணக்கையும் அறிவியலையும் அதனோடு இணைப்பதே திட்டம். எனினும் அது நிலைக்கவில்லை. ஐந்தரை மணிப் பள்ளி நேரத்தில் 3 மணி 20 நிமிடம் தொழிலுக்கே ஒதுக்கப்பட்டது. விளைபொருளின் வருவாய் ஆசிரியர் சம்பளத்திற்கு உதவ வேண்டும் என்ற எண்ணம், பிள்ளைகளைக் கூலியாட்களாக்குமோ என்ற ஐயத்தை எழுப்பிற்று. நாற்காலி உத்தியோகத்தை நாடிய பெற்றோர், மண்வெட்டியைப் படிப்பின் பகையாகவே கருதினர். அவர்களுள் நம்மவரும் உண்டு.

அன்று வேண்டியது வருவாய்; இன்று வேண்டியது அறிவு. அதற்குப் பெரும் வயல் தேவையில்லை. ஒரு சிறு பசுமைக் குடில் போதும். தில்லியின் குளிர்கால இரவுகளில் வெப்பம் 5 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. நம் கறிவேப்பிலை இலையுதிர்த்து நிற்கும். மூங்கில் வளைவுகளின்மேல் பாலிதீன் தாளைப் போர்த்தினால், பகல் வெயில் உள்ளே புகும். சூடான காற்று எளிதில் வெளியேறாது. கோடையில் தாளை நீக்கி நிழல்வலை கட்டல் வேண்டும். இத்தகைய முறைகளை ஆராயும் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், பீகார் பூகம்பத்திற்குப்பின் 1936-இல் தில்லிக்கு வந்தது. கோல் மார்க்கெட்டுக்குச் சில கல் தொலைவிலேயே இருக்கிறது.

குடிலுக்குள் ஒரு பாத்தியும் வெளியே ஒரு பாத்தியும் அமைத்து, ஒரே விதையை இரண்டிலும் இடுக. காலைதோறும் இரு வெப்பமானிகளையும் பிள்ளைகள் பார்த்துக் குறிக்கட்டும். எது முதலில் முளைத்தது, எத்தனை முளைத்தன, ஏன் என்று தமிழில் எழுதட்டும். அறிவியலும் கணக்கும் மொழியும் ஒரே பாத்தியில் விளையும். விளைந்த கீரை பள்ளி உணவிற்கும் பயன்படும். மதிய உணவுத் திட்டப் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான நெறிமுறைகளை மத்திய அரசும் 2019-இல் வெளியிட்டுள்ளது.

நம் முன்னோர் வேற்றூரில் மொழிக்கு ஒரு பள்ளி கண்டனர். அப்பள்ளியின் ஒரு மூலையில் மண்ணுக்கும் இடம் தேடித் தருவது நம் கடமையாகும்.