மட்கலையின் பேராசிரியை ஜ்யோத்ஸ்னா பட்

ஸ்ரீமத் ராமாநுஜர் அவதரித்த தலமென்று நெடுங்காலமாகவும், மோட்டார் வாகனங்களும் கண்ணாடியும் டயரும் உற்பத்தியாகும் கேந்திரமென்று அண்மைக் காலமாகவும் கீர்த்தி பெற்ற ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசத்துக்கு, பூகர்ப்ப சாஸ்திரிகள் நன்கறிந்த மற்றொரு பெருமையும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்த களிமண் அடுக்குகள் இங்கே நிலத்தடியில் கிடக்கின்றன. அவற்றில் பதிந்த இலைத் தடங்களை ஆராய்ந்த அறிஞர்கள் அப்படிவுகளுக்கு இவ்வூரின் பெயரையே சூட்டினர். இந்த மண்ணிலிருந்து வெளிவரும் மலரில், மண்ணையே சர்வகலாசாலைப் பாடமாக்கி வாழ்ந்த ஒருவரின் சரிதம் இடம்பெறுவது பொருத்தமே.

கச்சு தேசத்துத் துறைமுகப் பட்டினமாகிய மாண்ட்வியில் 1940-ஆம் ஆண்டு பிறந்த ஜ்யோத்ஸ்னா பட், பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் சிறிது காலம் பயின்றபின், பரோடா மகாராஜா சயாஜிராவ் சர்வகலாசாலையின் நுண்கலைப் பிரிவில் சேர்ந்து, சங்கோ சௌதுரியிடம் சிற்பம் கற்றார். மண் அவரை ஆட்கொண்டது அங்கேதான். பின்னர் நியூயார்க் சென்று, புரூக்ளின் மியூசியம் கலைப் பள்ளியில் ஜோலியன் ஹாஃப்ஸ்டெட் என்பாரிடம் மட்கலை பயின்று திரும்பியவர், தாம் கற்ற பரோடாவிலேயே ஆசிரியையாகி, மட்கலைத் துறையின் தலைவியாக உயர்ந்து, 2002-இல் ஓய்வு பெற்றார். புகழ்பெற்ற ஓவியரும் புகைப்படக் கலைஞருமான ஜ்யோதி பட் அவருடைய கணவர்.

அவர் படைத்த பூனைகளும் ஆந்தைகளும் தாமரை மொட்டுகளும் எளிமையின் உச்சம். ரோமத்தையும் மீசையையும் ஒவ்வொன்றாகக் கீறிக் காட்டாமல், முதுகின் ஒரே வளைவில் பூனையின் சோம்பலை அவர் உணர்த்திவிடுவார். நீலமும் பாசிப் பச்சையுமாக, பளபளப்புத் தணிந்த மெருகே அவருக்குப் பிரியமானது. இம்மெருகு தூரிகையால் தீட்டிய மாத்திரத்தில் கைகூடுவதன்று. ஸ்டோன்வேர் என்னும் கெட்டி வகைக்குச் சூளையின் வெப்பம் ஏறக்குறைய 1,200 டிகிரியை எட்டவேண்டும். மெருகில் கலந்த தாமிரம், காற்றோட்டமுள்ள சூளையில் பச்சையாகவும், பிராணவாயு குன்றிய சூளையில் செம்மையாகவும் மாறும். உள்ளே குடையாமல் கனமாக விட்ட உருவமோ, ஈரம் ஆவியாகி வெடித்துச் சிதறும். கலைஞரின் கண்ணும் ரசாயன சாஸ்திரியின் புத்தியும் ஒருவரிடமே கூடினாலன்றி இவ்வித்தை வசப்படாது.

ஆயினும், படைப்புகளினும் பெரிதாக நான் மதிப்பது அவருடைய ஆசிரியப் பணியையே. நம் தேசத்தில் குயவுத் தொழில் குலத்தொழிலாக நின்று, அபாரமான ஞானத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது. அதே வேளையில் பிற குடும்பத்தாருக்கு அதன் கதவு திறந்ததில்லை. குயவர் இல்லங்களிலேயே, மண் பிசைந்து கலத்துக்கு வண்ணம் தீட்டும் பெண்கள் சக்கரத்தில் வனையலாகாது என்னும் விலக்கு பல பகுதிகளில் இருந்துவந்தது. வகுப்பறையில் வைத்த சக்கரம் எக்குலத்தாரையும் விலக்கவில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்கவில்லை. அச்சக்கரத்தருகே ஒரு பெண்மணி ஆசிரியையாக நின்று, மாணாக்கர் பலரை உருவாக்கினார் என்பது சிறிய காரியமன்று.

2020 ஜூலையில், எண்பதாவது வயதில் அவர் காலமானார். அவர் கற்பித்த கலை நம் பக்கத்துக்கும் புதிதன்று: சென்னையில், 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் தோற்றுவித்த கலைப் பள்ளியின் வழிவந்த அரசு கவின்கலைக் கல்லூரியில் மட்கலை இன்றும் பாடமாக உள்ளது. தொழிற்சாலைகளும் பொறியியற் கல்லூரிகளும் நிறைந்த நம் பிரதேசத்திலும் ஒரு சக்கரமும் சூளையும் அமைத்து, உள்ளூர்க் குயவரையே ஆசிரியராக அமர்த்தி, விரும்பிவரும் இளைஞர் யாவருக்கும் கற்பிக்க நம் ஸ்தாபனங்கள் முன்வரவேண்டும். அப்பேராசிரியைக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே.