லாரியின் முன்னச்சும் பிரேக்கும்: எண்ணூர் முதல் ஒரகடம் வரை

ஒரு லாரியின் முன் சக்கரங்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. வண்டியின் எடையில் ஒரு பங்கைத் தாங்குகின்றன; திசை திருப்புகின்றன; பிரேக் பிடிக்கும்போது நிறுத்தும் விசையில் பெரும்பகுதியை ஏற்கின்றன. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அமைப்பே முன் சஸ்பென்ஷன். காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையையொட்டி உள்ள சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பகுதிகள் இன்று உலகறிந்த வாகனத் தொழில் வட்டாரத்தின் உறுப்புகள். இங்கு உருவாகும் கார்களில் முன் சக்கரங்கள் தனித்தனியே இயங்குகின்றன. கனரக லாரிகளிலோ நூறாண்டு பழைமையான தண்டு அச்சே தொடர்கிறது. அதே காலத்தில் லாரியின் பிரேக் பலமுறை மாறிவிட்டது. இந்த வேறுபாட்டின் காரணங்களையும், பழைய லாரி ஒன்றில் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனையும் புதிய பிரேக்கையும் பொருத்துவதில் உள்ள சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு வகை அமைப்புகள்

தண்டு அச்சு என்பது இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு உத்தரம். அதன் இரு முனைகளிலும் கிங் பின்கள் உள்ளன. அவற்றைச் சுற்றிச் சக்கரங்கள் திரும்புகின்றன. உத்தரத்தின் மேல் இருபுறமும் கமான் பட்டைகள் யூ போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். காவடித் தண்டின் ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை சாய்வது போல, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றச் சக்கரமும் சாயும். வண்டி குலுங்கும், ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரியும்.

தனித்தியங்கும் அமைப்பில் இந்த உத்தரம் இல்லை. ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக இரண்டு கைகளால் சட்டத்துடன் இணைக்கப்படுகிறது. சுருள் வில்லோ முறுக்குத் தண்டோ எடையைத் தாங்குகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. வில்லுக்குக் கீழே தொங்கும் எடை குறைவதால் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளுவதும் குறைகிறது.

இத்தாலியின் லான்சியா லம்டா கார் 1922இல் தனித்தியங்கும் முன் சக்கரங்களுடன் வந்தது. 1934 மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இம்முறையைப் பெருமளவில் புகுத்தியது. பொறியாளர் மாரிஸ் ஆலி அதற்கான ஆய்வில் முதன்மைப் பங்காற்றினார். சிறிய சரக்கு வண்டிகளுக்கு இது வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு ஆனது. ஷெவர்லே 1960இல் தன் பிக்கப் வண்டிகளில் இதைத் தந்தது. ஃபோர்டு 1965இல் ஓர் இடைவழியைக் கண்டது: ஒரே உத்தரத்துக்குப் பதிலாக இரண்டு உத்தரங்களைக் குறுக்காகப் பொருத்தி, ஒவ்வொன்றும் ஒரு சக்கரத்தை மட்டும் தாங்கும்படி செய்தது.

சென்னையில் தொடக்கம்

விடுதலைக்குப் பின் சென்னையைச் சுற்றி இருவகை வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1948இல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பின்னர் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்துடன் கைகோத்து, 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறியது. அதன் காமெட் லாரிகளும் பேருந்துகளும் தென்னிந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடின. அவற்றின் முன்புறத்தில் இருந்தவை தண்டு அச்சும் கமான் பட்டைகளும்தான்.

நகரின் தெற்கே, வண்டலூருக்கு அருகில் பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் கார்களைத் தயாரித்தது. 1961இல் அது வெளியிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் நான்கு சக்கரங்களும் தனித்தியங்குபவை. முன் சக்கரங்கள் மிகக் கூர்மையாகத் திரும்பியதால் குறுகிய தெருவிலும் அந்தக் காரைத் திருப்ப முடிந்தது. 1972இல் அதற்கு அடுத்து வந்த கசல் காரில் முன்புறம் தனித்தியங்கும் அமைப்பே நீடித்தது. பின்புறத்தில் மட்டும் தண்டு அச்சுக்குத் திரும்பினார்கள். புதிய நுட்பம் ஒன்று வந்தாலும், எடை தாங்கும் இடத்தில் எளிய அமைப்பை இந்தியச் சந்தை விரும்பியதற்கு இது ஒரு சான்று.

லாரி தண்டு அச்சை விடாத காரணங்கள்

முதற்காரணம் சுமை. காலி லாரிக்கும் நிறைசுமை லாரிக்கும் எடை வேறுபாடு மிக அதிகம். தனித்தியங்கும் அமைப்பில் வண்டி தாழும்போது கைகளின் கோணம் மாறும். அதனால் சக்கரத்தின் சாய்வும் மாறி, டயர் ஒருபக்கமாகத் தேயும். தண்டு அச்சில் சுமை எவ்வளவு ஏறினாலும் இரு சக்கரங்களும் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும்.

இரண்டாவது காரணம் பழுதுபார்ப்பு. கமான் பட்டை ஒன்று முறிந்தால் நெடுஞ்சாலையோரப் பட்டறையில் அதே அளவுப் பட்டையைச் சேர்த்துக் கட்டிவிடலாம். கிங் பின் தேய்ந்தால் புதிய பின்னும் புஷ்ஷும் போட்டு ரீமரால் அளவெடுத்துவிடலாம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரித் தொழில் தழைத்ததற்கு இத்தகைய பட்டறைத் திறனும் துணைநின்றது. தனித்தியங்கும் அமைப்பில் பந்து மூட்டுகள், ரப்பர் புஷ்கள், கைகள் எனத் தேயும் உறுப்புகள் கூடுதல். ஒன்று தேய்ந்தாலும் சக்கரக் கோணங்களைக் கருவி கொண்டு மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

கமான் பட்டைக்கு எடை தாங்குவது மட்டும் வேலையன்று. அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும் அதுவே. பிரேக் பிடிக்கும்போது அச்சைச் சுழற்ற முயலும் முறுக்கு விசையையும் அதுவே ஏற்கிறது. யூ போல்ட் தளர்ந்தாலோ நடு போல்ட் முறிந்தாலோ பிரேக் பிடித்தவுடன் அச்சு நகர்ந்து வண்டி ஒருபுறமாக இழுக்கும். ஆகவே லாரியில் சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டாக வேண்டும்.

பிரேக் மாறிய வரலாறு

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 80 கி.மீ. வேகத்தில் ஆற்றல் நான்கு மடங்கு. அவ்வளவையும் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். சாலைகள் மேம்பட்டு, வேகமும் சுமையும் கூடக்கூடப் பழைய பிரேக் போதாமல் போனது. நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடையே 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. தண்டு அச்சு நிலைத்திருக்க, பிரேக் மட்டும் தொடர்ந்து மாறியதன் அடிப்படை இதுதான்.

தொடக்கக் கால லாரிகளில் கம்பிகளும் இரும்புத் தண்டுகளும் பிரேக்கை இழுத்தன. அடுத்து எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் வந்தது. ஒரே குழாய் வழியில் நான்கு சக்கரங்களும் இணைந்திருந்ததால், ஓரிடத்தில் கசிந்தாலும் பிரேக் முழுவதும் செயலிழக்கும். முன்னும் பின்னும் தனித்தனி வழிகள் கொண்ட இரட்டை அமைப்பு இந்தக் குறையைத் தீர்த்தது. கனரக வண்டிகளில் காற்று பிரேக் இடம்பிடித்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்காக உருவாக்கிய முறையின் வழிவந்தது இது. எஞ்சினால் இயங்கும் கம்ப்ரசர் காற்றைத் தொட்டிகளில் அழுத்தி வைக்கும். ஓட்டுநர் மிதியை அழுத்தினால் அந்தக் காற்று சக்கரத்தருகே உள்ள அறைகளுக்குப் பாய்ந்து பிரேக் கட்டைகளை டிரம்மின் மேல் அழுத்தும். பின்னர் வந்த ஸ்பிரிங் பிரேக்கில் வலுவான வில் ஒன்று எப்போதும் பிரேக்கைப் பிடிக்கத் தயாராக இருக்கும். காற்றுதான் அதை விலக்கி வைக்கும். காற்று இறங்கிவிட்டால் வண்டி தானே நின்றுவிடும்.

இத்தொழிலின் தமிழகத் தலைநகரம் சென்னையின் பாடி. பேருந்துச் சேவையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம் 1962இல் இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்துடன் சேர்ந்து காற்று பிரேக்குகளுக்காகச் சுந்தரம் கிளேட்டனையும், கிர்லிங் நுட்பத்துடன் பிரேக்ஸ் இந்தியாவையும் அங்கே தொடங்கியது. ரானே குழுமம் அம்பத்தூரில் பிரேக் லைனிங் தயாரித்தது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அப்பிரிவு பின்னாளில் தனி நிறுவனமாகி, வாப்கோ வழியாக இன்று ஜெட்எஃப் குழுமத்தில் உள்ளது.

பிரேக் எவ்வளவு வளர்ந்தாலும் அதற்கும் எல்லை உண்டு என்பதைத் தருமபுரி – சேலம் வழியிலுள்ள தொப்பூர் கணவாய் காட்டுகிறது. நீண்ட இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருளவிட்டால் எஞ்சினின் தடை விசை கிடைக்காது. பிரேக் மட்டுமே வண்டியைப் பிடிக்க வேண்டும். டிரம் சூடேறி விரிந்தால் பிடிமானம் குறையும். மிதியை மீண்டும் மீண்டும் அழுத்தினால் தொட்டியின் காற்றும் குறையும். அங்கு லாரி விபத்துகள் தொடர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எந்தக் கியரில் மேடு ஏற வேண்டுமோ, அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற ஓட்டுநர் பாடம் இதிலிருந்து பிறந்தது.

திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு, 2015 முதல் புதிய கனரக வாகனங்களுக்குப் படிப்படியாகக் கட்டாயமானது. லைனிங்கில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் விலகி வேறு இழைகள் வந்தன. பழைய வண்டிகளைப் பிரிப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்: பழைய டிரம்மில் படிந்த தூசியைக் காற்றால் ஊதினால் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் நுரையீரலுக்குள் செல்லும். ஈரத் துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

ஒரகடம் வட்டாரம்

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியபின், ஸ்ரீபெரும்புதூர் பகுதி வேகமாக மாறியது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஒரகடத்தில் சிப்காட் தொழிற்பேட்டை விரிந்தது. 2010இல் ரெனோ – நிசான் ஆலையும், 2012 ஏப்ரலில் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் பாரத்பென்ஸ் லாரிகள் விற்பனைக்கு வந்தன. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் செயல்படுகிறது.

இதனால் ஒரே சாலையின் இருபுறமும் இருவகை முன் சஸ்பென்ஷன்களைக் காண முடிகிறது. நிசான் மைக்ரா போன்ற கார்களில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் எனும் தனித்தியங்கும் அமைப்பு. லாரிகளில் தண்டு அச்சு. ஆனால் அடுக்கடுக்கான பட்டைகளுக்குப் பதிலாக, நடுவில் தடித்து முனைகளில் மெலிந்த பரவளையப் பட்டைகள் சில மட்டும் பல வண்டிகளில் இடம்பெறுகின்றன. பட்டைகளுக்கிடையே உராய்வு குறைவதால் பயணம் மென்மையாகிறது. உலக அளவில் வோல்வோ 2012இல் தன் எஃப்எச் கனரக லாரிக்குத் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனை அறிமுகப்படுத்தியது. இந்தியக் கனரக லாரிகளில் தண்டு அச்சே இன்றும் பொது வழக்கு.

பழைய வண்டியில் மாற்றம் செய்தல்

அமெரிக்காவில் 1950களின் பிக்கப் வண்டிகளுக்குத் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனைப் பொருத்துவது பரவலான பட்டறைக் கலை. 1974ஆம் ஆண்டு மாதிரியான ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் அமைப்பே பல தொகுப்புகளுக்கு முன்மாதிரி. அதன் இரு கைகள், சுருள் வில், ரேக் – பினியன் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக் ஆகியவை ஒரு குறுக்குச் சட்டத்தில் அடங்கிவிடுகின்றன.

பழைய அச்சைக் கழற்றும் முன், சக்கர மையத்தின் இடத்தைச் சட்டத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய லாரிச் சட்டம் ஒருபுறம் திறந்த இரும்பால் ஆனது. புதிய குறுக்குச் சட்டம் பற்றவைக்கப்படும் இடத்தில் அதைத் தகட்டால் மூடி வலுவூட்ட வேண்டும். ஸ்டீயரிங் ரேக்கின் உயரமும் நீளமும் கைகளின் அசைவுக்குப் பொருந்தாவிட்டால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தானே திரும்பும்.

அடுத்தது பிரேக். டிஸ்க் பிரேக்குக்கு டிரம்மைவிடக் கூடுதல் அழுத்தமும் எண்ணெயும் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டரை நீக்கி, இரட்டை வழி சிலிண்டரையும் பூஸ்டரையும் வைக்க வேண்டும். முன்புற டிஸ்க்கும் பின்புற டிரம்மும் சேரும்போது, பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளாதவாறு அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு வேண்டும். இல்லையெனில் காலி வண்டியின் பின்பகுதி சறுக்கிச் சுழலும். இவை எல்லாம் இலகு பிக்கப்புகளுக்கே பொருந்தும். கார் அளவிலான கைகளும் மூட்டுகளும் பல டன் சுமையைத் தாங்கா.

இந்தியச் சட்டத்தின் நிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. சில மாற்றங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது.

2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள், 50 ஆண்டு கடந்த தனிப்பயன் இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவு தருகின்றன. அவை மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே பழைய வண்டியின் முன்னச்சை வெட்டி மாற்றுபவர், அதன் வரலாற்று மதிப்பையும் சாலை உரிமையையும் சேர்த்து இழக்க நேரிடும்.

எனவே இந்தியாவில் பழைய லாரிகளைப் பேணுவோருக்கு உகந்தது மூல அமைப்பைப் புதுப்பிப்பதே: கிங் பின், புஷ் மாற்றுதல், கமான் பட்டைகளைப் பிரித்து விரிசல் பார்த்து மீண்டும் கட்டுதல், யூ போல்ட்டுகளைப் புதிதாக்குதல், பிரேக் குழாய்கள், சிலிண்டர் ரப்பர்கள், லைனிங் ஆகியவற்றை மாற்றுதல், டிரம்மின் வட்டத்தைச் சரிபார்த்தல். இவற்றை முறையாகச் செய்தால் பழைய தண்டு அச்சு, அது உருவான காலத்து வேகத்தில் பாதுகாப்பாகவே ஓடும். இன்றைய நெடுஞ்சாலை வேகத்துக்கு அது உருவாக்கப்படவில்லை என்பதை ஓட்டுபவர் மறக்கக் கூடாது.