ஏரிக்கு உரிய வருமானம்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைத் தேர்தலின் பெருமை பேசி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவி ஓராண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். கணக்குக் கேட்டார்கள் என்றால் கையில் பணம் புழங்கியிருக்கிறது. ஏரிப் பராமரிப்புக்காக ஏரிப்பட்டி என்று நிலம் விடப்பட்டதையும், பொன்னை முதலாக வைத்து அதன் வட்டியில் வண்டல் எடுத்ததையும் பல்லவர், சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஏரி நீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்பில் தெளிந்த நீர் போக நீரோடித் துளையும், அடியில் சேறு போகச் சேறோடித் துளையும் வைத்த கல்தச்சர் கெட்டிக்காரர்தான். ஆனாலும் தூம்பை ஒட்டிய சேறுதான் அதில் போகும். மற்றதைக் கோடையில் வெட்டிக் கூடையில் சுமக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். ஏரிகள் நிலைத்தது ஊர் ஒற்றுமையால் என்பதைவிட, அவற்றுக்கென்று ஒதுக்கிய வருமானம் ஊரின் கையில் இருந்ததால் என்பதே பொருத்தம்.

1858இல் சென்னை மாகாணத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. மானிய நிலங்களை ஆராயும் இனாம் கமிஷன் அமைந்தது. பின்வந்த ஆண்டுகளில் ஊழியத்துக்காகவும் பொதுக்காரியத்துக்காகவும் விடப்பட்ட இனாம்களில் பல தனிச்சொத்தாயின. கட்டாய உழைப்புச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது: வழக்கப்படி குடிமராமத்துக்கு, அதாவது ஊரார் சேர்ந்து செய்யும் நீர்நிலைப் பராமரிப்பு வேலைக்கு, வராதவர் அந்த உழைப்பின் மதிப்பில் இரு மடங்கு கட்ட வேண்டும். தீர்வை அரசுக்கு, மண் சுமப்பது குடிகளுக்கு என்று ஆன பிறகு தண்டனையைக் காட்டி எத்தனை பேரைக் கரைக்கு வரவழைக்க முடியும்?

பழைய ஏற்பாடு சாதியின் மேல் நின்றது என்பார்கள். மறுக்க முடியாது. உத்திரமேரூர்ச் சபை நிலம் உடைய பிராமணர்களின் சபை; மடை திறக்கும் நீர்க்கட்டியோ பல ஊர்களில் தலித். ஆகவே அந்த அதிகார அமைப்பை மீட்கச் சொல்வதில் நியாயமில்லை. வருமானத்தை வேலையோடு பிணைத்த முறையை அதிலிருந்து தனியே பிரித்து எடுக்கலாம். ஏரியைக் கொன்றது ஆழ்துளைக் கிணறும் இலவச மின்சாரமும் என்பது இன்னொரு வாதம். அவை பின்னாளில் சேர்ந்த காரணங்கள். மின்சாரமே வராத 1858இல் வேலைக்கு ஆள் சேர்க்கச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறதே.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோது தூர்வார அரசுப் பணம் வந்தது. அடுத்த கோடையில் வரும் வண்டலுக்கும் மிகைநீர் வழியும் கலிங்கின் விரிசலுக்கும் செலவிட மீன் குத்தகை, கரை மரங்களின் வருமானத்தை ஆயக்கட்டுச் சங்கத்தின் கணக்கிலேயே விட்டுவைப்பதா என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் பதிலில்லை.