வெறுமையாய் இருந்த திருத்தூயகம்



கி.மு. 63-ஆம் ஆண்டு. மூன்று மாத முற்றுகைக்குப்பின் எருசலேம் கோவிலைக் கைப்பற்றிய உரோமைத் தளபதி பொம்பேய், தலைமைக் குருவைத் தவிர வேறு எவரும் கால் வைக்கக் கூடாத திருத்தூயகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார். உள்ளே தெய்வ உருவம் எதுவும் இல்லை. இடம் வெறுமையாய் இருந்தது. உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துஸ் இதைச் சற்று ஏளனமாகவே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த இடம் எப்போதுமே வெறுமையாய் இருந்ததில்லை. சாலமோன் கட்டிய கோவிலில் அங்கேதான் உடன்படிக்கைப் பேழை இருந்தது. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். இன்றைய கணக்கில் நீளம் ஏறத்தாழ 110 சென்டிமீட்டர். நம் வீட்டுப் பழைய மரப்பெட்டி அளவுதான். பேழை பொன் வேய்ந்த மரம். அதன் மேல்மூடியோ முழுவதும் பசும்பொன். அந்த மூடியைத்தான் 'இரக்கத்தின் இருக்கை' என்கிறோம். அதன் இரு முனைகளிலும், அதே பொன்னிலிருந்து அடித்து உருவாக்கிய இரண்டு கெருபுகள் எதிரெதிரே நின்றன. இறக்கைகளை விரித்து, முகம் தாழ்த்தி, மூடியை நோக்கியபடி. அவ்விரண்டுக்கும் நடுவிலிருந்து உன்னோடு பேசுவேன் என்று ஆண்டவர் மோசேக்கு வாக்களித்ததாக விடுதலைப் பயண நூல் 25-ஆம் அதிகாரம் கூறுகிறது.

அண்டை நாட்டு மன்னர்களும் இறக்கையுள்ள உயிரினங்களைத் தங்கள் அரியணைக்கு இருபுறமும் செதுக்கி வைத்தார்கள். லெபனோனில் பிப்லோஸ் நகரில் 1923-இல் கிடைத்த அகிராம் மன்னனின் கல் சவப்பெட்டியில் அப்படி ஓர் அரியணையைக் காணலாம். ஆனால் அதில் மன்னன் அமர்ந்திருக்கிறான். இஸ்ரயேலின் கெருபுகளுக்கு நடுவில் எந்த உருவமும் இல்லை. வேலைப்பாட்டை அண்டை நாட்டாரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள், சிலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆண்டுக்கு ஒருநாள், பாவக் கழுவாய் நாளில், தலைமைக் குரு தமது அலங்கார உடைகளைக் களைந்துவிட்டு, எளிய நார்ப்பட்டு உடையில் உள்ளே செல்வார். தூபப் புகை அந்த இருக்கையை மூடும். பலியின் இரத்தத்தை விரலால் தொட்டு, இருக்கையின் மேலும் அதன் முன்னும் தெளிப்பார். முதலில் தமது பாவத்துக்காக. பிறகு மக்களின் பாவத்துக்காக. எபிரேய மொழியில் அந்த மூடியின் பெயர் 'கப்போரெத்'. அந்த நாளின் பெயரான 'கிப்பூர்' என்பதும் அதே வேரிலிருந்து வந்த சொல்.

பாபிலோனியர் எருசலேமை அழித்தபோது பேழையும் மறைந்துபோனது. கொள்ளையிட்ட பொருள்களின் பட்டியலில் வெண்கலத் தூண்கள், சட்டிகள், கரண்டிகள்கூட இருக்கின்றன, பேழை இல்லை. பாரசீக மன்னர் சைரசு திருப்பிக் கொடுத்த பாத்திரங்களிலும் இல்லை. எரேமியா அதை மலைக் குகையில் மறைத்து வைத்தார் என்ற மரபை மக்கபேயர் இரண்டாம் நூல் நமக்குத் தருகிறது. புதையல் தேடுவோர் இன்றுவரை விட்டபாடில்லை. அது வேறு கதை. நமக்கு முக்கியமானது இதுதான்: கி.மு. 515-இல் இரண்டாம் கோவில் கட்டி முடிக்கப்பட்டபோது, தெளிப்பதற்கு அந்த இருக்கை இல்லை.

அப்படியானால் மன்னிப்பு கேட்பதை அந்த மக்கள் விட்டுவிட்டார்களா? இல்லை. தரையிலிருந்து மூன்று விரல் உயரமே இருந்த ஒரு கல் அங்கே இருந்ததாகவும், தலைமைக் குரு தூபக்கலத்தை அதன்மேல் வைத்ததாகவும் யூத மரபு நூலான மிஷ்னா சொல்கிறது. வெறும் தரையிலும் இரத்தம் தெளிக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக! அந்த வெறுமையை ஏளனம் செய்தவர்களுக்கு இந்த நம்பிக்கையின் ஆழம் புரியவில்லை. பழைய ஏற்பாட்டு வழிபாடு வெறும் ஓடு, உள்ளீடு நம்மிடம்தான் இருக்கிறது என்று பேசும் கிறிஸ்தவர்களுக்கும் இதையே சொல்வேன். யூத மக்களைப் பற்றி அப்படிப் பேசலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நமக்குக் கற்றுக்கொடுத்தது.

கூடாரத்தின் ஒவ்வொரு கொக்கிக்கும் வளையத்துக்கும் ஒரு கிறிஸ்தவப் பொருள் கண்டுபிடிப்போர் உண்டு. அந்த வழி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. திருத்தூதர்கள் தாங்களே சுட்டிக்காட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் தந்த 'எழுபதின்மர்' மொழிபெயர்ப்பு, கப்போரெத் என்ற சொல்லை 'ஹிலாஸ்டேரியோன்' என்று பெயர்த்தது. எபிரேயர் திருமுகம் 9-ஆம் அதிகாரத்தில் அந்த மூடிக்கு வரும் சொல்லும் அதுவே. இப்போது உரோமையர் திருமுகம் 3-ஆம் அதிகாரம் 25-ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். கடவுள் இயேசுவை நமக்குக் கழுவாயாக ஏற்படுத்தினார் என்று நாம் வாசிக்கும் இடத்தில், பவுல் எழுதியது இதே சொல்தான். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் என்ற மறைநூல் அறிஞர், உரோமையருக்கான தம் விளக்கவுரையில் இந்த வசனத்தை நேராகப் பேழையின் மூடியோடு இணைத்து விளக்கினார்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒருவர், புகைக்குள் மறைவாக அணுகிய அந்த இடத்தைக் கடவுள் எல்லாரும் காணும்படி வெளியே வைத்துவிட்டார் என்கிறார் பவுல். அது பொன்னால் ஆனதும் அல்ல. நகருக்கு வெளியே, சிலுவையில் அறையப்பட்ட ஒருவர். அங்கே தெளிக்கப்பட்டது கன்றின் இரத்தமோ ஆட்டின் இரத்தமோ அன்று. அவருடைய சொந்த இரத்தம். ஆண்டுக்கணக்கில் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வராமல், 'எனக்கெல்லாம் இனி மன்னிப்பு ஏது?' என்று கதவருகிலேயே நிற்பவர்கள் இந்த வசனத்தை ஒருமுறை மெதுவாக வாசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. யோவான் இதை விளக்கிச் சொல்லவில்லை; காட்சியை மட்டும் தருகிறார். வாரத்தின் முதல் நாள், மகதலா மரியா அழுதுகொண்டே கல்லறைக்குள் குனிந்து பார்க்கிறார். இயேசுவின் உடல் கிடத்தப்பட்டிருந்த இடம் வெறுமையாய் இருக்கிறது. தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக, வெண்ணாடை அணிந்த இரண்டு வானதூதர்கள் அமர்ந்திருக்கிறார்கள்.